லாக் ஆவதற்கு முன்

ஓ.டி.பி. இன்னும் வரவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த செல்போனைக் கலாமணி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்த்தாள். மணி இரண்டே முக்கால். அந்தப் பம்ப் கம்பெனியில் செல்போனை வாசலிலேயே பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இன்றைக்கு மட்டும் அவளுக்கு விதிவிலக்கு. "நம்பர் வந்தா மட்டும் எடுத்துக்கோணும். அதுல ரீலு கீலு பாத்தீன்னா நாளைக்கிருந்து எல்லாத்துக்கும் நாந்தேன் பதில் சொல்லோணும்" என்று சூப்பர்வைசர் ஆறுச்சாமி காலையிலேயே சொல்லிவிட்டார். மகள் மௌனிகா கணபதி ஏரியாவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ் வேண்டும், எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாகப் போட்டு, ஐந்து மணிக்குள் லாக் செய்துவிட வேண்டும். லாக் செய்துவிட்டால் அப்புறம் பிரம்மதேவனே வந்தாலும் மாற்ற முடியாதாம். அதற்கு ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் வரும். விண்ணப்பத்தில் கொடுத்த செல்போனுக்குத்தான் வரும். கொடுத்திருந்தது கலாமணியின் நம்பர். அவள் போன் பண்ணுவாள், இவள் ஆறு எண்களைப் படிப்பாள், வேலை முடிந்தது. இதில் நினைக்க என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, நேற்றே எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று சொல்லிக்கொண்டுதான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டாரின் வெளிக்கூடான இந்த ஸ்டேட்டரை மடியோரம் இழுத்து வைத்தாள். உள்வட்டத்தில் இருபத்து நான்கு பள்ளம், இருபத்து நான்கு ஸ்லாட். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் முதலில் பேப்பர், பிறகு கம்பி, பிறகு மேலே ஒரு மூடு பேப்பர், கடைசியில் குச்சியை அடித்து இறுக்க வேண்டும். கம்பியை மொத்தமாகத் திணித்தால் உள்ளே போகாது. நாலைந்து இழையாகப் பிரித்து, விரலால் நீவி, பால்குடிக் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி இறக்க வேண்டும். கம்பிமேல் பூசிய இனாமல் உரிந்துவிட்டால் மோட்டார் எரியும்.

நேற்று மகள் சரிம்மா என்றாள். அதுதான் உறுத்துகிறது. பெயர்தான் மௌனிகா, ஒரு நாழிகை வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. பல் விளக்கும்போதும் பேசுவாள். பெயரை வைத்த நேரம் சரியில்லை, மாற்றித் தொலைக்கலாம் என்று அவள் அப்பன் வெள்ளியங்கிரி கிண்டல் பண்ணாத நாள் இல்லை. அப்படிப்பட்டவள் நேற்றுச் சாயங்காலம், ஊருக்கு வெளியே இருக்கிற சின்னக் காலேஜை முதலாவதாகப் போடு, சிட்டிக்குள் இருக்கிற பெரிய காலேஜை இரண்டாவதாகப் போடு என்று இவள் சொன்னதும், ஒரே ஒரு வார்த்தை. சரிம்மா. இரண்டிலும் எலக்ட்ரிகல்தான். கம்ப்யூட்டர் எடு என்று சொல்லாதவர்கள் இந்த ஜில்லாவில் பாக்கி இல்லை, பால்காரர் உட்பட, அவள் அசையவில்லை. கரண்ட்டுதான் படிப்பேன் என்று ஏழாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற செம்புக் கம்பித் துணுக்குகளைப் பொறுக்கி, ஆணியில் சுற்றி, டார்ச் பேட்டரியில் கொடுத்து, குண்டூசி இழுக்கிறதும்மா பாருங்க பாருங்க என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடியவள். சின்னக் காலேஜில் ஃபீஸ் இல்லை, நூற்று எண்பதுக்கு மேல் கட் ஆஃப் இருந்தால் பஸ்ஸும் சும்மா. மௌனிகாவுக்கு நூற்று எண்பத்து மூன்றரை. பெரிய காலேஜில் ஃபீஸ் உண்டு. கைக்கு எட்டறதை மொதல்ல போடு, எட்டாததை அப்பறம் போடு, பெருசுக்கு ஆசைப்பட்டு நின்னா சின்னதையும் எவனாவது அடிச்சுட்டுப் போயிருவான் என்றார் வெள்ளியங்கிரி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவருடைய கணக்கு அது. அப்படி இல்லைப்பா, மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது கிடைக்காவிட்டால் அடுத்தது தானாக வரும், எதுவும் பறிபோகாது என்று போன வாரம் மூன்று தடவை அவள் விளக்கினாள், தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டி. அவருக்குப் புரியவில்லை. கலாமணிக்குப் புரிந்தது. முதல் தடவையிலேயே புரிந்தது. அந்த ரேங்குக்குப் பெரிய காலேஜைப் போட்டால் பெரியது வந்துவிடும், சின்னதை மேலே போட்டால் சின்னது வந்து அதோடு முடிந்துவிடும் என்று தெரிந்துதான், அவருடைய துண்டுக் கணக்கைத் தானும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அப்பா சொல்றதும் நாயந்தானே கண்ணு என்றாள். ஏழாவது ஸ்லாட். குச்சி பாதியில் சிக்கியது. மேலே தட்டினாள்.

ஏனென்றால் நாலு லட்சம். முதல் பட்டதாரிச் சலுகையெல்லாம் கழித்துவிட்டு, பஸ்ஸு புத்தகம் பரீட்சை எல்லாம் சேர்த்து நாலு லட்சம். பேங்கில் கொடுப்பார்கள். நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன்கூடக் கேட்பதில்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள், ஜாமீன் இல்லை என்றால் கடனே இல்லை என்கிற மாதிரி சிரித்துக்கொண்டு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் சும்மா விடுவார்கள், அதற்குள் வட்டி ஏறி ஐந்தரை லட்சம் ஆகியிருக்கும், அப்புறம் ஏழு வருஷத்துக்கு மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். கலாமணிக்குப் பணத்தைப் பணமாக யோசிக்க வராது. ஒரு ஸ்டேட்டருக்கு எழுபத்தைந்து ரூபாய். அரிசி வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவள் மனசு அதை ஸ்டேட்டராக மாற்றிவிடும். தீபாவளிக்கு எடுத்த சேலை பன்னிரண்டு ஸ்டேட்டர். பல் பிடுங்கியது எட்டு ஸ்டேட்டர். நாலு லட்சம் என்றால் ஐயாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று. நாளைக்கு ஏழு வீதம் போட்டால், ஞாயிற்றுக்கிழமை போக, அவள் இங்கே ஒரு ரூபாய்கூடச் சாப்பிடாமல் இரண்டரை வருஷம் விரல் தேய வேண்டும், அதுவும் வட்டியில்லாமல். அவளா கட்டப்போகிறாள், மௌனிகா சம்பாதித்துத்தானே கட்டப்போகிறாள். சம்பாதித்தால். அந்த 'ஆல்'தான் இடிக்கிறது. கடன் என்றாலே கலாமணிக்கு வாழைப்பழ வாசனை வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளியங்கிரி தவணையில் ஒரு லோடு வண்டி எடுத்து, ஐந்து தவணை பாக்கி விழுந்து, சந்தைக்குப் போகிற வழியில் ஃபைனான்ஸ்காரர்கள் மறித்து, வாழைத்தார் ஏற்றிய வண்டியை ஏற்றியபடியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் கழித்துச் சரக்கை மட்டும் இறக்கி எடுத்து வந்தபோது எல்லாம் பழுத்துப்போய், வீடு முழுக்க அந்த இனிப்பு நாற்றம். அதைத் தின்றும் தீரவில்லை, கொடுத்தும் தீரவில்லை. அவர் ஒரு பழம்கூடத் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இப்போது அடுத்தவன் வண்டி ஓட்டுகிறார். அந்த மனுஷனிடம் போய் இன்னொரு கடன் என்று எப்படிச் சொல்வது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? வண்டியையாவது பிடுங்கிக்கொண்டு போனார்கள். படிப்பை எப்படிப் பிடுங்குவார்கள்? பிடுங்க முடியாத ஒன்றை வாங்கிவிட்டு, அதுக்குக் கடன் கட்டாமல் நின்றால், என்னத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்? பெண்ணின் முகத்தில் இருக்கிற சிரிப்பையா? செல்போன் அதிர்ந்தது. சட்டென்று திருப்பினாள். கேஸ் புக்கிங் பற்றிய செய்தி. போடி நீயும் உன் கேஸும்.

"இன்னும் வரலியா?" என்றாள் பக்கத்து மேசையில் நூல் கட்டிக்கொண்டிருந்த ரெஜினா. கலாமணியைவிட ஐந்து வயது மூத்தவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. "வருமுங்க்கா." "வந்தா வெசையாச் சொல்லிப்போடு. நம்பர வெச்சு அழகு பாக்காத. என்ற பையனையுந்தான் இதே எலக்ட்ரிகல் படிக்க வெச்சேன். படிச்சது கரண்ட்டு, ஓட்டறது பெட்ரோலு." ரெஜினாவின் மகன் ஸ்டீபன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மூன்றரை லட்சம் கடன். போன மாதம் பேங்கிலிருந்து ஆள் வந்து வீட்டு வாசலில் நின்று, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டுவிட்டுப் போனார்களாம். மரியாதையாகக் கேட்டதுதான் தாங்கலை என்று ரெஜினா அன்றைக்கு இயேசுவைக் கூப்பிட்டு அழுதாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதானே கலாமணியும் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியும் கண் என்னவோ பதினோராவது ஸ்லாட்டிலிருந்து நழுவி எதிரே இருக்கிற கண்ணாடி அறைக்குத்தான் போகிறது. டெஸ்டிங் ரூம். அங்கே இருக்கிற அபர்ணாவுக்கு இருபத்து நான்கு வயசு இருக்கும், எலக்ட்ரிகல் முடித்தவள், சம்பளம் பதினாறாயிரம். கேட்ட அன்றைக்குக் கலாமணி வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள். தனக்கு மாதம் பதின்மூன்றாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். நாலு வருஷம் படித்ததற்கு இரண்டாயிரத்துச் சில்லறை அதிகம், முப்பத்திரண்டு ஸ்டேட்டர்கூட இல்லை. ஆனால் அந்த அபர்ணா இங்கேயே இருக்கப்போவதில்லை. பெரிய காலேஜில் படித்த அவளுடைய சிநேகிதிக்கு எடுத்த எடுப்பில் நாற்பத்தைந்தாயிரமாம், இவள் வேறு எங்கோ சின்ன இடத்தில் படித்ததால் இங்கே தொடங்கியிருக்கிறாளாம், அதையும் அவளேதான் சொன்னாள், வருத்தமில்லாமல், பஸ் மாறி ஏறிவிட்டவர்கள் சொல்கிற மாதிரி. சின்ன இடத்துக்குப் பதினாறு, பெரிய இடத்துக்கு நாற்பத்தைந்து. அதுவும் வந்தால். எல்லாருக்கும் வருமா. வகுப்பில் எத்தனை பேருக்கு வரும். ஸ்டீபனும் ஒரு வகுப்பில்தான் இருந்தான்.

ஆனால் அவளுக்கு அந்தக் கண்ணாடி அறைமேல் இருக்கிற ஏக்கம் சம்பளத்துக்காக இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ரெஜினா ஒரு வாரத்துக்குச் சிரிப்பாள். பத்தொன்பது வருஷமாகக் கம்பி இறக்குகிறாள், எத்தனையோ ஆயிரம் கிணறுகளில் அவள் விரல் பட்ட செம்பு தண்ணீர் இறைக்கிறது, அது ஏன் சுற்றுகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. நடுவில் நிற்கிற ரோட்டரை ஒரு கம்பியும் தொடுவதில்லை. சுற்றிலும் இவள் இறக்கிய கம்பி சும்மா உட்கார்ந்திருக்கிறது. பட்டனைத் தட்டினால் தொடாத ஒன்று சுற்றுகிறது. போன கோடையில் கரண்ட் போயிருந்த ஒரு மதியம், வெட்கத்தை விட்டு அபர்ணாவிடம் கேட்டுவிட்டாள். அவள் டெஸ்ட் கார்டின் பின்பக்கம் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டினாள். கம்பி சுத்தாதுங்க்கா, ஆனா அதுல ஓடற கரண்ட்டால காந்தம் சுத்தும். கண்ணுக்குத் தெரியாது. ரோட்டர் அதத் துரத்திக்கிட்டு ஓடுது. எப்பவும் கொஞ்சம் பின்னாலதான் இருக்கும், புடிக்கவே புடிக்காது. புடிச்சுட்டா அதுக்கு ஓடறதுக்கு உந்துதலே இருக்காது. கலாமணிக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாதிதான் புரிந்தது, மீதியைக் கேட்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது, ஆறுச்சாமி விசில் ஊதிவிட்டார். அந்தக் கார்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. சோறு வேண்டும் என்பதுபோல ஆசை. இரண்டாயிரமாவது வருஷம் ஜூன் மாதம் அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ இடம், பத்தாயிரம் கட்ட வேண்டும். அப்பா கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு தொகை எழுதியிருக்கும் என்பதுபோல. தம்பி படிக்கட்டும் சாமி, நீ எப்படியும் இன்னொரு ஊட்டுக்குப் போறவ என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். சரிங்கப்பா என்றாள். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால்? ரெண்டு நாள் பட்டினி கிடந்திருந்தால்? அந்தப் பத்தாயிரம் அன்றைக்கு மலை. இன்றைக்கு நூற்று முப்பத்து மூன்று ஸ்டேட்டர், ஒரு மாதம்கூட இல்லை. ஒரு மாதத்துக் காசுக்கு ஒரு ஆயுசைக் கொடுத்திருக்கிறாள். அப்படியானால் ஐயாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்றும் ஒருநாள் சின்னதாகத் தெரியுமா, இல்லை, வாழைப்பழ நாற்றம்தான் அடிக்குமா? தெரியவில்லையே. மாரியாத்தா, தெரியவில்லையே. சரிம்மா, சரிங்கப்பா, சரிம்மா. அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, தட்டிலிருந்த ரசத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னாள். தானும் அன்றைக்கு எதையோ பார்த்துக்கொண்டுதானே சொன்னோம், எதை, கடிதத்தின் மேலிருந்த தபால் முத்திரையை. அந்த முத்திரை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இருபத்தைந்து வருஷம் கழித்து மௌனிகாவுக்கு அந்த ரசக்கோடு நிற்கும்.

"ஏய், எங்க பாத்து எறக்கிட்டிருக்கிற?" என்றாள் ரெஜினா. கலாமணி குனிந்து பார்த்தாள். பதினைந்தாவது ஸ்லாட்டில் 'காயில்' என்கிற கம்பிச் சுருள் புரண்டு இறங்கியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாப் பெண்களும் செய்கிற தப்பு, அவள் செய்து பதினெட்டு வருஷம் இருக்கும். ஒரே ஒரு காயில் தலைகீழாக இறங்கினால் போதும், அளவும் சரியாக இருக்கும், கம்பியும் சரியாக இருக்கும், கண்ணுக்கு அழகாகக்கூட இருக்கும்; கரண்ட் கொடுத்தால் சுற்றாது, நின்ற இடத்திலேயே உறுமும். உறுமி உறுமிச் சூடேறிக் கருகும். குச்சியை உருவி, இனாமல் உரியாமல் இழை இழையாக வெளியே எடுக்கத் தொடங்கினாள். கடன் வாங்கிப் படித்தவர்கள் உறுமுவதைத்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டீபனின் பைக் சத்தம், பேங்க்காரர் குடித்த மோர். வாங்காமல் விட்டவள் பத்தொன்பது வருஷமாக உறுமியது யார் காதிலும் விழவில்லை, அவள் காதிலேயே விழவில்லை. அப்போதுதான் செல்போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது. திருப்பினாள். ஆறு இலக்கம். அதைத் தொடர்ந்து மௌனிகாவின் அழைப்பு.

"ம்மா, நம்பர் வந்துருச்சா? சொல்லுங்க, இங்க க்யூ நிக்குது."

"வந்துருச்சு." கலாமணி எழுந்து சுவர்ப்பக்கம் போனாள். "கண்ணு, அத நான் இப்பச் சொல்லப் போறதில்ல."

"ஏன்ம்மா? ம்மா, டைம் ஆவுது."

"மணி மூணே காலுதான் ஆவுது. நீ போயி அந்த வரிசைய மாத்திப்போடு. பெருச மேல போடு. அப்பறம் வேற நம்பர் அனுப்பச் சொல்லு, சொல்றேன். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். அந்த மனுசன் நாலு நாள் சோறு திங்க மாட்டாரு, அப்பறந் திம்பாரு."

அந்தப் பக்கம் பிரவுசிங் சென்டரின் பிரிண்டர் இரைவது மட்டும் கேட்டது. வாய் ஓயாதவள் இரண்டு நாளில் இரண்டாம் முறையாகச் சும்மா இருக்கிறாள். "கேக்குதா கண்ணு?"

"கேக்குதும்மா." குரல் உடைந்திருந்தது. "மாத்த வேண்டாம்மா."

"ஏன்? கடனுக்குப் பயந்துக்கறயா?"

"இல்லம்மா. மேல பெரிய காலேஜ்தான் இருக்குது. நான் மாத்தவே இல்ல. நேத்து சும்மா சரின்னு சொன்னேன்."

கலாமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சூடானது. "அப்ப எங்கிட்டச் சொல்லாமயே நம்பர வாங்கிட்டுப் போலாம்னு இருந்தியா?"

"ஆமாம்மா." மூக்கை உறிஞ்சினாள். "சீட்டு வந்தப்பறம் அடி வாங்கிக்கலாம்னு இருந்தேன். கோவமா?"

கோபமாகத்தான் இருந்தது. பெற்ற தாயை ஏமாற்றுகிற அளவுக்கு ஆகிவிட்டாளே என்று இருந்தது. மதியத்திலிருந்து உருகியதெல்லாம் வீணா என்று இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் அடியில் வேறொன்று இருந்தது, அதை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள், மறைக்கவும் தோன்றவில்லை. பொறாமை. தான் சரிங்கப்பா என்று சொன்ன அன்றைக்கு அது நிஜமாகவே சரியாக இருந்ததே, அதற்குள் ஒளித்துவைக்க ஒரு திருட்டுத்தனம்கூடத் தன்னிடம் இல்லாமல் போனதே என்கிற பொறாமை. பதினெட்டு வயசில் தனக்கு வராத புத்தி தன் வயிற்றில் பிறந்ததற்கு வந்திருக்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆறுச்சாமி தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ம்மா? இருக்கீங்களா?"

"எழுதிக்கோ. நாலு. ஒண்ணு. ஏழு." ஒவ்வொன்றையும் இழை பிரிப்பதுபோலப் பிரித்துச் சொன்னாள். "ஏழு. சுழி." கடைசி எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது, வாழைப்பழ நாற்றம் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டாள். "ரெண்டு."

விசைப்பலகைத் தட்டல் கேட்டது. பிறகு "லாக் ஆயிருச்சும்மா" என்று மௌனிகா கத்தியது செல்போனைத் தாண்டி ரெஜினாவுக்கே கேட்டது.

"கண்ணு, ஒண்ணு மட்டும்" என்றாள் கலாமணி, குரலைத் தாழ்த்தி. "நீ அங்க படிக்கறதயெல்லாம் அன்னன்னிக்கு எனக்கு வந்து சொல்லோணும். ரோட்டரு ஏன் புடிக்கறதே இல்லன்னு மொதல்ல கேட்டுட்டு வா."

"எது ம்மா?"

"வந்து சொல்றேன், வை."

மேசைக்குத் திரும்பினாள். புரண்ட காயில் முழுதாக வெளியே வந்திருந்தது, இனாமல் உரியவில்லை. ரெஜினா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். "பெருசா?" "பெருசுதானுங்க்கா." "எவ்வளவு?" "ஐயாயிரத்து முந்நூத்தி முப்பத்தி மூணு." ரெஜினாவுக்கு அந்தக் கணக்கு தெரியும், அவளும் இதே மேசையில்தான் இருக்கிறாள். ஒன்றும் கிண்டல் செய்யாமல் தன் கூடையிலிருந்து நல்ல குச்சியாக ஒன்றைப் பொறுக்கி நீட்டினாள். கலாமணி காயிலை நேராகத் திருப்பி, பதினைந்தாவது ஸ்லாட்டில் நாலைந்து இழையாக இறக்கத் தொடங்கினாள். "அதுல மொத ஒண்ணு இது" என்றாள்.